அண்ணன் முன்னாடி, தம்பி பின்னாடி: எக்ஸ்பாத் சொல்லும் உறவுமுறை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். எக்ஸ்பாத் வரிகளைப் பேச்சில் சொன்னபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டைப் செய்யும்போது டேக் பெயர்களையும் ஆக்ஸிஸ் பெயர்களையும் ஆங்கிலத்தில் அடிக்கவும்.)

இன்னைக்கு எக்ஸ்பாத். ஆட்டோமேஷன் டெஸ்டிங்ல இருக்கிறவங்க இந்தப் பேரைக் கேட்டதுமே ஒரு பெருமூச்சு விட்டிருப்பீங்க. மத்தவங்க ஆப்பை மூடிடாதீங்க. நீங்க இதை ஒரு பாட்காஸ்ட் ஆப்ல கேக்கறீங்கன்னா, இந்த எபிசோடு உங்க ஃபோனுக்கு வந்து சேர்ந்ததே ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் வழியாத்தான்.

ஒவ்வொரு பாட்காஸ்டுக்கும் பின்னாடி ஒரு ஆர்எஸ்எஸ் ஃபீட் இருக்கு. 2000 டிசம்பர்ல வந்த ஆர்எஸ்எஸ் 0.92-ல என்க்ளோஷர்னு ஒரு டேக் சேர்த்தாங்க. ஆடியோ ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ற டேக். பாட்காஸ்ட்ங்கற வார்த்தையே 2004-லதான் ஒரு கார்டியன் கட்டுரையில வருது. அதாவது பேர் வைக்கறதுக்கு முன்னாடியே பிள்ளை பிறந்து தவழ ஆரம்பிச்சிடுச்சு. இன்னைக்கும் அடிப்படை அதே டேக்தான். ஒரு குட்டி ஃபீட் இப்படி இருக்கும்னு வச்சுக்கோங்க:

<ஆர்எஸ்எஸ்>
  <சேனல்>
    <டைட்டில்>நம்ம பாட்காஸ்ட்</டைட்டில்>
    <ஐட்டம்>
      <டைட்டில்>எபிசோடு 3</டைட்டில்>
      <கேட்டகரி>டெக்</கேட்டகரி>
      <கேட்டகரி>வேலை</கேட்டகரி>
      <என்க்ளோஷர் யுஆர்எல்="ஆடியோ-3"/>
    </ஐட்டம்>
    <ஐட்டம்>
      <டைட்டில்>எபிசோடு 2</டைட்டில்>
      <கேட்டகரி>சினிமா</கேட்டகரி>
      <கேட்டகரி>டெக்</கேட்டகரி>
      <என்க்ளோஷர் யுஆர்எல்="ஆடியோ-2"/>
    </ஐட்டம்>
    <ஐட்டம்>
      <டைட்டில்>எபிசோடு 1</டைட்டில்>
      <என்க்ளோஷர் யுஆர்எல்="ஆடியோ-1"/>
    </ஐட்டம்>
  </சேனல்>
</ஆர்எஸ்எஸ்>

மூணே எபிசோடு. புதுசு மேல, பழசு கீழ. பெரும்பாலான ஃபீட் இப்படித்தான் இருக்கும். இந்த வரிசையைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி இது ஒரு வம்பு பண்ணும்.

இதுக்குள்ள இருந்து வேணுங்கறதை எடுக்கத்தான் எக்ஸ்பாத். 1999 நவம்பர் 16 அன்னைக்கு டபிள்யூ3சி இதை வெளியிட்டாங்க, எடிட்டர்கள் ஜேம்ஸ் கிளார்க், ஸ்டீவ் டிரோஸ். எக்ஸ்எஸ்எல்டி, எக்ஸ்பாயின்டர்னு ரெண்டு டெக்னாலஜிக்கும் 'டாக்குமென்ட்ல அந்த இடம்'னு சுட்டிக்காட்ட ஒரு வழி தேவைப்பட்டுச்சு. ஆளுக்கொரு மொழி எதுக்கு, ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு போதும்னு பிறந்ததுதான் இது. அப்புறம் 2.0, 3.0, 3.1 எல்லாம் வந்தாச்சு. ஆனா உங்க பிரவுசருக்குள்ள இன்னைக்கும் ஓடறது அந்த 1999-ஓட 1.0தான். அதனால செலினியம்ல எழுதறவங்க நெட்ல பார்த்த 2.0 ஃபங்ஷனைப் போட்டுட்டு 'ஏன் எரர் அடிக்குது'ன்னு மண்டையைப் பிச்சுக்க வேண்டாம். எண்ட்ஸ்-வித் எல்லாம் அங்க கிடையாது.

எக்ஸ்பாத் எழுதறப்போ ஏகப்பட்ட பேர் பண்ற ஒரு வேலை இருக்கு. பிரவுசர்ல ரைட் கிளிக், இன்ஸ்பெக்ட், 'காப்பி ஃபுல் எக்ஸ்பாத்'. ஒட்டினா இப்படி ஒண்ணு வரும்: /ஹெச்டிஎம்எல்/பாடி/டிவ்[3]/டிவ்[2]/டிவ்/டேபிள்/டிபாடி/டிஆர்[4]/டிடி[5]/பட்டன். வேலை செய்யுது. அன்னைக்கு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு டெஸ்டர் இருக்காங்க. அவங்க டீம்ல எல்லா டெஸ்டும் இப்படித்தான் எழுதப்பட்டிருந்துச்சு. ஒரு நாள் மார்க்கெட்டிங்ல இருந்து பக்கத்தோட உச்சியில ஒரு தீபாவளி பேனர் சேர்த்தாங்க. ஒரே ஒரு டிவ். டிவ்[3] எல்லாம் டிவ்[4] ஆயிடுச்சு. மறுநாள் காலையில வந்து பார்த்தா ரிப்போர்ட் முழுக்கச் சிவப்பு. அதையாவது சரிபண்ணிடலாம். அதுக்கப்புறம் கண்டுபிடிச்சதுதான் பயங்கரம். அந்த டேபிள்ல நாலாவது வரிசையில இருக்கற டெலிட் பட்டனை அழுத்தற ஒரு டெஸ்ட், பல வாரமா பச்சையா பாஸ் ஆகிட்டே இருந்திருக்கு. நடுவுல டேபிளோட வரிசை மாறிப்போச்சு. அது யாரை டெலிட் பண்ணணுமோ அவரை விட்டுட்டு வேற ஒருத்தரை டெலிட் பண்ணிட்டு 'வேலை முடிஞ்சுது'ன்னு சொல்லிட்டிருந்திருக்கு.

உடைஞ்சுபோற பாதை ஒரு தொல்லை, அவ்வளவுதான். உடையாம தப்பான இடத்துக்குக் கூட்டிட்டுப் போற பாதைதான் ஆபத்து.

அந்த ஃபுல் பாத் ஒரு விலாசம் மாதிரி. மூணாவது தெரு, ரெண்டாவது வீடு, நாலாவது மாடி. நடுவுல ஒரு வீடு கட்டினா விலாசம் தப்பாயிடும். எக்ஸ்பாத்தை அதுக்காக உருவாக்கல. அது உறவைச் சொல்ற மொழி. 'இந்தப் பேர் எழுதியிருக்கற செல் எந்த வரிசையில இருக்கோ, அதே வரிசையில இருக்கற பட்டன்'. இப்படிச் சொன்னா மேல எத்தனை பேனர் வந்தாலும் கவலை இல்ல. இந்த உறவுகளோட பேர்தான் ஆக்ஸிஸ்.

தமிழ்க் குடும்பத்துல வளர்ந்தவங்களுக்கு ஆக்ஸிஸ் கத்துக்கறது சுலபம்னு நான் நினைக்கறேன். இங்கிலீஷ்காரங்களுக்கு பிரதர்னா பிரதர். மூத்தவரா இளையவரான்னு தனியா ஒரு வார்த்தை போட்டுச் சொல்லணும். நமக்கு அண்ணன் வேற, தம்பி வேற. எக்ஸ்பாத் நம்ம பக்கம். அதுல வெறும் 'சிப்ளிங்'னு ஒரு ஆக்ஸிஸே கிடையாது. பிரிசீடிங்-சிப்ளிங்னா எனக்கு முன்னாடி பிறந்த அண்ணன், அக்கா. ஃபாலோயிங்-சிப்ளிங்னா எனக்கு அப்புறம் பிறந்த தம்பி, தங்கச்சி.

மீதியும் அப்படியே வரும். செல்ஃப்னா நான். பேரன்ட், அப்பா. ஆன்செஸ்டர்னா அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தான்னு மேல வேர் வரைக்கும். சைல்ட்னா நேர்ப் பிள்ளைங்க மட்டும். டிசென்டன்ட்னா பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாரும். பெரியப்பாவுக்குன்னு தனி ஆக்ஸிஸ் இல்ல, ஆனா ரெண்டு அடியில போயிடலாம்: பேரன்ட்::*/பிரிசீடிங்-சிப்ளிங்::*. அப்பாவோட அண்ணன். சித்தப்பா வேணும்னா பேரன்ட்::*/ஃபாலோயிங்-சிப்ளிங்::*.

ஒரே ஒரு குறை. எக்ஸ்எம்எல்ல ஒரு நோடுக்கு ஒரு பேரன்ட்தான். அம்மா வழி கிடையாது, தாய்மாமன் கிடையாது. அந்த வீட்ல காதுகுத்தை எப்படி நடத்துவாங்கன்னு எனக்குத் தெரியல.

ஆட்ரிபியூட் கொஞ்சம் விசித்திரம். என்க்ளோஷருக்குள்ள யுஆர்எல்-னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது பிள்ளை இல்ல. உடம்புல இருக்கற மச்சம் மாதிரி. சைல்ட் ஆக்ஸிஸ்ல தேடினா கிடைக்காது. ஆட்ரிபியூட் ஆக்ஸிஸ்ல, அதாவது @ குறி போட்டுத்தான் எடுக்கணும். ஆனா அந்த மச்சத்துகிட்ட போய் 'உன் பேரன்ட் யாரு'ன்னு கேட்டா அது என்க்ளோஷரைக் காட்டும். மகன் 'இவர் எங்க அப்பா'ங்கறான், அப்பா 'இவன் என் மகன் இல்ல'ங்கறார். ஸ்பெக்லயே இப்படித்தான் எழுதியிருக்கு, சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல.

மொத்தம் 13 ஆக்ஸிஸ். நான் இப்போ சொன்னதுல எட்டு வந்தாச்சு. நேம்ஸ்பேஸ்னு ஒரு ஆக்ஸிஸ் இருக்கு, அதைத் தொட வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. டிசென்டன்ட்-ஆர்-செல்ஃப், ஆன்செஸ்டர்-ஆர்-செல்ஃப் ரெண்டும் 'என்னையும் சேர்த்துக்கோ' ரகம். மீதி இருக்கறது ஃபாலோயிங், பிரிசீடிங். சிப்ளிங் இல்லாத வெறும் ஃபாலோயிங், வெறும் பிரிசீடிங். நிறைய பேர் குழம்பற இடம் இதுதான், அதுக்கு வரேன்.

முதல்ல அந்த டெலிட் பட்டனை முடிச்சிடுவோம். ஒரு பாதையில ஒவ்வொரு அடியிலயும் மூணு விஷயம் இருக்கு. எந்த உறவு, அதுதான் ஆக்ஸிஸ். என்ன பேர், அது நோட் டெஸ்ட். சதுர அடைப்புக்குள்ள என்ன நிபந்தனை, அது பிரெடிகேட். நீங்க /சேனல்/ஐட்டம்னு எழுதறப்போ ஆக்ஸிஸ் எதுவும் போடலையேன்னு தோணும். போடாட்டி அது சைல்ட்னு அர்த்தம். எழுதாத இடத்துலயும் ஒரு ஆக்ஸிஸ் இருக்கு. பட்டனுக்கு இப்படி எழுதலாம்:

//டிடி[நார்மலைஸ்-ஸ்பேஸ்()='எபிசோடு 12']/ஆன்செஸ்டர்::டிஆர்[1]//பட்டன்

தமிழ்ல படிங்க. 'எபிசோடு 12'ன்னு எழுதியிருக்கற டிடி எங்க இருந்தாலும் கண்டுபிடி. அங்கிருந்து மேல ஏறு, முதல்ல எதிர்ப்படற டிஆர்ல நில்லு. அந்த வரிசைக்குள்ள இருக்கற பட்டனைக் கொடு. நார்மலைஸ்-ஸ்பேஸ் எதுக்குன்னா, ஹெச்டிஎம்எல் எழுதறவங்க முன்னாடியும் பின்னாடியும் என்டர் தட்டி விட்டிருப்பாங்க, அந்த வெத்து இடத்தையெல்லாம் அது ஒதுக்கிடும். நாலாவது வரிசை ஏழாவது ஆனாலும், நடுவுல புதுசா ஒரு காலம் வந்தாலும், இது சரியான பட்டனைத்தான் பிடிக்கும். எபிசோடு 12 இல்லவே இல்லைன்னா ஒண்ணும் கிடைக்காது, டெஸ்ட் ஃபெயில் ஆகும். ஆகணும்.

மேல ஏறற இந்த வசதிக்காகத்தான் டெஸ்டர்கள் இத்தனை வருஷமா எக்ஸ்பாத்தை விடாம பிடிச்சிருக்காங்க. சிஎஸ்எஸ் செலக்டர் கீழ மட்டும்தான் இறங்கும். பிள்ளையை வச்சு அப்பாவை அடையாளம் காட்டற வசதி, ஹேஸ்-ங்கற பேர்ல, 2022-லதான் சஃபாரிக்கும் குரோமுக்கும் வந்துச்சு. ஃபயர்ஃபாக்ஸுக்கு 2023 டிசம்பர் ஆச்சு.

சரி, ஃபாலோயிங், பிரிசீடிங். இதைப் படம் போட்டு விளக்குவாங்க. பாட்காஸ்ட்ல படம் போட முடியாது, அதனால டேக் திறக்கறதையும் மூடறதையும் வச்சுச் சொல்றேன். எனக்கு இதுதான் படத்தைவிடத் தெளிவா இருக்கு.

எபிசோடு 2-ஓட என்க்ளோஷர் டேக்ல போய் நில்லுங்க. நீங்க திறக்கறதுக்கு முன்னாடியே திறந்து மூடி முடிஞ்சதெல்லாம் பிரிசீடிங். நீங்க மூடினதுக்கு அப்புறம் திறக்கறதெல்லாம் ஃபாலோயிங். உங்களுக்கு முன்னாடி திறந்து இன்னும் மூடாம இருக்கறவங்க ஆன்செஸ்டர். உங்களுக்குள்ளயே திறந்து மூடறவங்க டிசென்டன்ட். மிச்சம் நீங்க, செல்ஃப்.

இதுல தாத்தா ஏன் பிரிசீடிங்ல வரலைன்னு புரியுதா? அவர் எனக்கு முன்னாடி வந்தவர்தான், ஆனா அவர் கதை இன்னும் முடியல. நான் அவருக்குள்ளதான் இருக்கேன். பெரியப்பா குடும்பம் மொத்தமும் பிரிசீடிங், சித்தப்பா குடும்பம் மொத்தமும் ஃபாலோயிங். நேர் மேல இருக்கறவங்க ரெண்டுலயும் சேர மாட்டாங்க.

நம்ம ஃபீட்ல எண்ணியே பார்த்துடலாம். மொத்தம் 16 எலிமென்ட். அந்த என்க்ளோஷர்ல இருந்து ஆன்செஸ்டர் 3: ஐட்டம், சேனல், ஆர்எஸ்எஸ். பிரிசீடிங் 9: சேனலோட டைட்டில் ஒண்ணு, எபிசோடு 3-ஓட ஐட்டமும் உள்ள இருக்கற நாலும், அப்புறம் இதே எபிசோடுல எனக்கு முன்னாடி இருக்கற டைட்டிலும் ரெண்டு கேட்டகரியும். ஃபாலோயிங் 3: எபிசோடு 1-ஓட ஐட்டம், டைட்டில், என்க்ளோஷர். டிசென்டன்ட் பூஜ்யம். செல்ஃப் 1. கூட்டினா 16. எந்த இடத்துல நின்னாலும் இந்த அஞ்சு ஆக்ஸிஸும் சேர்ந்தா மொத்த டாக்குமென்ட்டும் வந்துடும். யாரும் ரெண்டு தடவை வர மாட்டாங்க, யாரும் விட்டுப்போக மாட்டாங்க. ஆட்ரிபியூட், நேம்ஸ்பேஸ் மட்டும் இந்தக் கணக்குல சேராது. 1999-ல உட்கார்ந்து இதை வடிவமைச்சவங்களை நினைச்சா எனக்கு மரியாதை வர்ற இடம் இது.

இப்போ அந்த வம்பு. எபிசோடு 2-ஓட ஐட்டம்ல நிக்கறீங்க. கேட்டு முடிச்சாச்சு, அடுத்த எபிசோடு தானா ஓடணும். 'அடுத்த'ன்னா ஃபாலோயிங்-சிப்ளிங்தானே? அதைப் போட்டா எபிசோடு 1 ஓடும். ஏன்னா ஃபீட்ல புதுசு மேல இருக்கு. பின்னாடி பிறந்தவன் வரிசையில முன்னாடி நிக்கறான். எக்ஸ்பாத்துக்குத் தேதி தெரியாது, கிழமை தெரியாது. அதுக்குத் தெரிஞ்ச ஒரே காலம் டேக் திறக்கற வரிசை. அதனால நமக்கு அடுத்த எபிசோடு, அதுக்கு அண்ணன்: பிரிசீடிங்-சிப்ளிங்::ஐட்டம்[1].

அந்த [1]-ஐ கவனிங்க. எபிசோடு 1-ல நின்னு பிரிசீடிங்-சிப்ளிங்::ஐட்டம்[1]-னு கேட்டா எது வரும்? மேல இருந்து முதல்ல இருக்கறது எபிசோடு 3. ஆனா வர்றது எபிசோடு 2. பின்னோக்கிப் பார்க்கற ஆக்ஸிஸ்ல எல்லாம் எண்ணிக்கை உங்க பக்கத்துல இருந்து ஆரம்பிக்கும். முதல் அண்ணன்னா வீட்டுக்கே மூத்தவர் இல்ல, உங்களுக்கு நேர் மூத்தவர். அதனாலதான் மேல ஆன்செஸ்டர்::டிஆர்[1] போட்டப்போ கிட்ட இருக்கற வரிசை கிடைச்சுது. ஆனா வளைஞ்ச அடைப்பு போட்டு (பிரிசீடிங்-சிப்ளிங்::ஐட்டம்)[1]-னு எழுதிட்டா கதை மாறிடும். அடைப்புக்குள்ள இருக்கறது முதல்ல ஒரு கூட்டமா சேர்ந்து டாக்குமென்ட் வரிசையில நின்னுடும், அப்புறம்தான் எண்ணும். அப்போ எபிசோடு 3 வரும். ஒரு அடைப்புக்குறியில எபிசோடே மாறுது.

இதே கதைதான் //கேட்டகரி[1]-லயும். 'டாக்குமென்ட்ல முதல் கேட்டகரி'ன்னு நினைச்சு எழுதுவோம். நம்ம ஃபீட்ல அது ரெண்டு பதில் தரும்: எபிசோடு 3-ல இருந்து டெக், எபிசோடு 2-ல இருந்து சினிமா. ஏன்னா ரெட்டைச் சாய்வுகோடு ஒரு சுருக்கெழுத்து. விரிச்சா அதுக்குள்ள டிசென்டன்ட்-ஆர்-செல்ஃப் ஒரு தனி அடி, அப்புறம் கேட்டகரி சைல்ட் ஆக்ஸிஸ்ல இன்னொரு அடி. [1] ஒட்டிக்கறது அந்தக் கடைசி அடிக்கு மட்டும். ஆக, 'ஒவ்வொரு அப்பாவுக்கும் முதல் கேட்டகரி'ன்னு ஆயிடுது. ஒண்ணே ஒண்ணு வேணும்னா (//கேட்டகரி)[1].

செலினியம் ஆளுங்களுக்கு ரெட்டைச் சாய்வுகோடு இன்னொரு குழியும் வச்சிருக்கு. ஒரு வரிசையைக் கையில பிடிச்சுட்டு, அதுக்குள்ள தேடறதா நினைச்சு //பட்டன்னு போடுவாங்க. சாய்வுகோட்டுல ஆரம்பிச்சாலே வேர்ல இருந்து தேடுன்னு அர்த்தம். கையில பிடிச்ச வரிசையை அது திரும்பிக்கூடப் பார்க்காது, பக்கத்துலயே முதல் பட்டனை எடுத்துக் கொடுத்துடும். முன்னாடி ஒரு புள்ளி வைக்கணும்: .//பட்டன். அந்தப் புள்ளிதான் 'இங்கிருந்து'.

எக்ஸ்பாத்கிட்ட எனக்கு உண்மையிலேயே கோபம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. கேட்டது கிடைக்கலைன்னா அது எரர் சொல்லாது. வெறும் கையை விரிக்கும். 'அப்படி ஒண்ணும் இல்ல'ன்னு சொல்றதுக்கும், 'நீ கேட்ட கேள்வியே தப்பு'ன்னு சொல்றதுக்கும் அதுகிட்ட ஒரே பதில்தான்: காலி. ஐட்டம்னு எழுதறதுக்கு ஐடம்னு எழுதினாலும் காலிதான்.

இதுல ரொம்பப் பேரை அழ வச்சது நேம்ஸ்பேஸ். யூடியூப் சேனலுக்கும் ஃபீட் உண்டு, ஆனா அது ஆட்டம்ங்கற வேற வகை. அதுல ஐட்டத்துக்குப் பதிலா என்ட்ரி. ஃபைலைத் திறந்தா என்ட்ரி, என்ட்ரி, என்ட்ரின்னு கண்ணு முன்னாடி வரிசையா நிக்குது. //என்ட்ரி போட்டா காலி. ஸ்க்ரிப்ட் 'இந்தச் சேனல்ல வீடியோ 0'ன்னு எழுதிட்டு சமத்தா முடிஞ்சுபோகும்.

இதுக்கு நம்ம இனிஷியல்தான் சரியான உதாரணம். ஒரே கிளாஸ்ல ரெண்டு முருகன் இருந்தா எஸ். முருகன், கே. முருகன். நேம்ஸ்பேஸ் அந்த இனிஷியல். ஆட்டம் ஃபீட்ல வாசல்லயே ஒரு தடவை இனிஷியல் எழுதி மாட்டிட்டாங்க. உள்ள இருக்கற எல்லாருக்கும் அது பொருந்தும், ஆனா அவங்க டேக்ல அது தெரியாது. எக்ஸ்பாத் 1.0-ல நீங்க வெறும் முருகன்னு எழுதினா 'எந்த முருகனா இருந்தாலும் சரி'ன்னு அர்த்தம் இல்ல. 'இனிஷியலே இல்லாத முருகன்'னு அர்த்தம். அப்படி ஒருத்தர் அந்த வீட்லயே இல்ல. அதனால காலி.

வழி என்ன? உங்க புரோகிராம்ல நீங்களே ஒரு இனிஷியல் வச்சு, அதை ஆட்டத்தோட நேம்ஸ்பேஸ் முகவரியோட கட்டி விடணும். பைத்தான்ல எல்எக்ஸ்எம்எல் பயன்படுத்தறவங்க நேம்ஸ்பேசஸ்னு ஒரு டிக்ஷனரி கொடுப்பாங்களே, அது இதுக்குத்தான். அப்புறம் //ஆ:என்ட்ரி. அந்த 'ஆ' உங்க இஷ்டம், ஃபைல்ல இருக்கற எழுத்தாவே இருக்கணும்னு இல்ல. முகவரி மட்டும் ஒரு எழுத்து பிசகாம இருக்கணும். அவசரத்துக்கு //*[லோக்கல்-நேம்()='என்ட்ரி']-னு இனிஷியலைப் பார்க்காமலே கூப்பிடலாம். ஒரு தடவை மட்டும் ஓட்டற ஸ்க்ரிப்ட்னா ஓகே. தினமும் ஓடற வேலைக்கு வேண்டாம், ஒரு நாள் வேற வீட்டு முருகன் வந்து நிப்பார். வெப் பேஜ்ல //எஸ்விஜி போட்டு ஐகானைத் தேடி கிடைக்காம தவிக்கறவங்களுக்கும் இதே நோய்தான். எஸ்விஜி வேற இனிஷியல்.

கடைசியா ஒண்ணு. இது ஆக்ஸிஸ் இல்ல, ஆனா இதைச் சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது. சினிமா இல்லாத எபிசோடு எல்லாம் வேணும். //ஐட்டம்[கேட்டகரி != 'சினிமா']-னு எழுதறீங்க. வர்றது எபிசோடு 3, எபிசோடு 2. எபிசோடு 2-ல சினிமா இருக்கே! இருக்கு, ஆனா கூடவே டெக்கும் இருக்கு. அந்த நிபந்தனைக்கு அர்த்தம் 'சினிமா அல்லாத கேட்டகரி ஒண்ணாவது இருக்கா'ன்னு. டெக் இருக்கு, உள்ள விட்டாச்சு. எபிசோடு 1-ல கேட்டகரியே இல்ல. ஒண்ணாவது இருக்கான்னு கேட்டா இல்ல, அதனால வெளிய. வரக்கூடாதது வந்துடுச்சு, வர வேண்டியது போயிடுச்சு. எழுத வேண்டியது //ஐட்டம்[நாட்(கேட்டகரி = 'சினிமா')]. 'சினிமாங்கற கேட்டகரி ஒண்ணுகூட இல்லாத ஐட்டம்'. எபிசோடு 3, எபிசோடு 1. இதுல சினிமாவுக்குப் பதிலா 'வேர்க்கடலை அலர்ஜி'ன்னும், எபிசோடுக்குப் பதிலா பேஷண்ட்னும் போட்டு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

நீங்களே செஞ்சு பார்க்க எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். எந்த வெப் பேஜ்லயும் டெவலப்பர் டூல்ஸ் கன்சோலைத் திறந்து டாலர் குறி, எக்ஸ், அடைப்புக்குள்ள மேற்கோள் போட்டு உங்க பாதை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டுலயும் ஓடும். கம்ப்யூட்டர்ல சேவ் பண்ணின ஃபீட்ல தேடணும்னா எக்ஸ்எம்எல்லின்ட்னு ஒரு கமாண்ட் இருக்கு, லினக்ஸ், மேக் ஆளுங்ககிட்ட பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும்.

வீட்டுப்பாடம் ஒண்ணு. மேல இருக்கற ஃபீட்ல, எபிசோடு 2-ஓட என்க்ளோஷர்ல நில்லுங்க. ஐட்டத்துல இல்ல, என்க்ளோஷர்ல. அங்கிருந்து அடுத்த எபிசோடோட ஆடியோ லிங்க்கை, அதாவது 'ஆடியோ-3'ங்கறதை, ஒரே பாதையில எடுக்கணும். ரெட்டைச் சாய்வுகோடு போடக் கூடாது, எபிசோடு பேரையும் எழுதக் கூடாது. க்ளூ: பெரியப்பா வீட்டுக்குப் போய், அங்க இருக்கற பையனோட மச்சத்தைப் பார்க்கணும். பதிலை அடுத்த எபிசோடு ஆரம்பத்துல சொல்றேன். பை மக்களே.